ஒம்பதாவது வளைவுக்கு மேல

சீட்டை நகர்த்த வேண்டாம் அம்மிணி, சித்தெ அப்படியே உக்காந்து பாருங்க. கால் எட்டுதுங்களா? கிளட்ச் முழுசா அமுங்குதா? கண்ணாடி? அதையும் திருப்ப வேண்டியதில்லியா? நெம்ப நல்லது. இதுக்கு முன்னாடி வந்தவங்க ஏறி உக்காந்ததும் மொதல் வேலையா சீட்டைப் பின்னால தள்ளுவாங்க. ஆம்பளைங்க, காலு நீளம். அந்தச் சத்தமே எனக்கு ஆகாது. நீங்க தள்ளல.

நான் இந்த இடது பக்கம்தான். போன்லயே சொன்னனில்லீங்களா. நீங்க பத்திரிகைக்கு எழுதறதுக்கு இந்த வண்டிய ஓட்டிப் பாக்கணும்னீங்க. நானும் கூட வருவேன், மலைக்குத்தான் போகணும்னேன். நீங்க சரின்னீங்க. அவ்வளவுதான் நம்ம ஒப்பந்தம். எடுங்க.

ஆங், அணைஞ்சு போச்சா? பரவால்ல. இதுல கிளட்ச் நல்லா மேல வந்துதான் பிடிக்கும். என்ற டிரைவர் மருதாசலம் இருவது வருசமா லாரி ஓட்டறவன், அவனே ஷெட்டை விட்டு வெளிய வர்றதுக்குள்ள மூணு தடவ அணைச்சான். இறங்கி வந்து, “அம்மாவோட வண்டி என்னைய ஏத்துக்க மாட்டேங்குதுங்க”ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னான். அவனுக்குப் பயம். உங்களுக்குப் பயமில்லீங்களே? ஆங், இப்ப வந்துருச்சு பாருங்க.

நம்ம மில்லுதான் அது, நார் மில்லு. தேங்காய் மட்டைய அடிச்சு நாரெடுக்கறது. எந்நேரமும் சத்தமாத்தான் கெடக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டாத்தான் மெஷினெல்லாம் நிக்கும். அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க, காதே அடைச்சுக்கிட்ட மாதிரி. அதைப் பத்திப் பொறவு சொல்றேன். மொதல்ல வண்டியப் பத்திச் சொல்லணும், நீங்க அதுக்குத்தான வந்திருக்கீங்க.

பாத்தா என்னாட்ட இருக்குது? காய்கறி வாங்கப் போற வண்டியாட்டத்தான இருக்குது? வெள்ளக் கலரு, அஞ்சு கதவு, பின்னாடி கண்ணாடியோட தூக்கற டிக்கி. வனஜா வேணும்னே வெள்ளைதான் எடுத்தா. வனஜா என்ற சம்சாரம். செவப்பு எடுத்தா ஊரே பாக்கும்னு சொன்னா. எங்கூர்ல யாருக்கும் தெரியாது இதுக்குள்ள எப்பேர்ப்பட்ட எஞ்சின் இருக்குதுன்னு. தெரிஞ்சா பொம்பளைக்கு எதுக்குன்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்கல. ஒரே ஒருக்காத்தான் கேட்டேன்.

இந்தப் புளியமரத்து ரோட்டுல மூணாவது கியர்ல போட்டு நல்லா அமுத்துங்க. பயப்படாதீங்க, எதிர்ல ஒண்ணும் வரல. வண்டி ஒரு மூச்சு எடுத்துக்கும். ஒண்ணுமே நடக்காதாட்ட இருக்கும். பொறவு... பாத்தீங்களா! முதுக சீட்டோட வெச்சு அமுக்குதுங்களா? ஸ்டியரிங் கையப் புடுங்கும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடிச்சா சண்டைக்கு வரும். “கோழிக்குஞ்சு பிடிக்கறாப்புல பிடிக்கணுங்க”ன்னு அவ சொல்லுவா. இப்பக் காலை எடுங்க. கேட்டுதா பின்னாடி, சைலன்சர்ல? கடலை வறுக்கறாப்புல படபடன்னு? அந்தச் சத்தம் கேட்டா அவளுக்குச் சிரிப்பு வரும். அம்பது வயசுக்கு மேல ஒருத்தி அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. நான் என்ன பண்ணுவேன், மேல இருக்கற இந்தக் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு வருவேன்.

நான் வண்டி ஓட்டறதில்லீங்க. ஓட்டத் தெரியும், ஓட்டறதில்ல. மருதாசலம் இருக்கறான். எனக்கென்னத்துக்கு?

வனஜா அப்படியில்ல. அவங்கப்பா பீளமேட்டுல இரும்பு வார்க்கற பவுண்டரி வெச்சிருந்தாரு. பையன் இல்ல, இவ ஒருத்திதான். காலேஜ் படிக்கறப்பவே அவரு காரை எடுத்துக்கிட்டு ராலி பந்தயமெல்லாம் போயிருக்கறா. கப்பு வாங்கியிருக்கறா. பொண்ணு பாக்கப் போனப்ப அந்தக் கப்புல பூ வெச்சிருந்தாங்க. நானா வேண்டாம்னு சொன்னேன்? சத்தியமாச் சொல்லல. எங்கம்மா ஒருக்கா, “இந்த வீட்டுப் பொம்பளைங்க பின் சீட்டுலதான் உக்காருவாங்க”ன்னாங்க. அவ்வளவுதான். அவளே நிறுத்திட்டா. இருவத்தஞ்சு வருசம் ஒரு வார்த்தை பேசல அதைப் பத்தி. அப்பேர்ப்பட்ட குணம் அவளுக்கு. நம்ம சொல்லவே வேண்டியதில்ல, அவளே புரிஞ்சுக்குவா.

எங்கம்மா போய்ச் சேந்த மறு வருசம், அவங்கப்பா அவ பேருக்கு வெச்சிருந்த எடத்தை வித்து இதை எடுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்தினா. என்னைக் கேக்கல. நான் வெளிய வந்து பாத்துப்போட்டு, “இந்த வயசுல எதுக்கு”ன்னேன். அந்த ஒருக்காத்தான் சொன்னேன்ல, அதுதான். அவ இந்தக் கதவைத் திறந்து, “உக்காருங்க, ஆழியாறு போய்ட்டு வரலாம்”னா.

அன்னையில இருந்து ஞாயித்துக்கெழமைன்னா ரெண்டு பேரும் கிளம்பிருவோம். நான் எதுக்குப் போறேன்? தனியா விடக் கூடாதில்லீங்களா. பக்கத்துல ஒருத்தர் இருந்து பாத்துக்கணும். மெதுவாப் போ, லாரி வருது, ஹாரன் அடி, இது போதும்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல. அந்த வேலைய நான் ஒரு வாரங்கூட விடல. 

டேம் வந்துருச்சு. மெதுவா, இங்க வேகத்தடை நெறையா. இந்த மீன் வறுக்கற கடைங்ககிட்ட அவ எப்பவும் ரெண்டாவதுல உருட்டிக்கிட்டே போவா. செக்போஸ்ட்டுல நியூட்ரல். பேரை நான் சொல்றேன், நீங்க இருங்க... ஆச்சு. என்னைத் தெரியும் அவங்களுக்கு. வண்டியத்தான் நெம்ப நேரம் பாத்தான், பாத்தீங்களா? அம்மா எங்கன்னு கேக்க நெனச்சிருப்பான். 

இனித்தான் மலை. கண்ணாடிய இறக்கி விடுங்க, சத்தம் கேக்கணும். மொத வளைவுக்கு முன்னாடி அந்த வெள்ளக் கல்லுகிட்ட பிரேக். ரெண்டாவது. திருப்புங்க, இன்னும், இன்னும்... இப்ப அமுத்துங்க. மூணு. அடடா. நல்லா ஓட்டறீங்க அம்மிணி.

நான் எப்படிக் கியர் சொல்றேன்னு பாக்கறீங்களா? இத்தன வருசம் அவ கை இந்தக் கியர்மேலதான கெடந்துது, என்ற கைக்குப் பக்கத்துல. ரோட்டை என்னால பாக்க முடியாது. அதனால அவ கையவே பாத்துக்கிட்டு வருவேன். எந்த வளைவுக்கு எது விழும்னு அப்படியே பதிஞ்சு போச்சு. கண்ண மூடிக்கிட்டாலும் சத்தத்தை வெச்சுச் சொல்லிருவேன். ரெண்டுக்குப் போறது ஒரு மாதிரி, மூணுக்குப் போறது ஒரு மாதிரி. ரெண்டு. ஆமா, இங்கதான்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் சமையக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. ஒரு நிமிசங்கூட இருக்காது, எந்திரிச்சுட்டா. கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய் எல்லா ஸ்கேன் படமும் எடுத்தோம். வலிப்பு மாதிரி ஒண்ணு, மாத்திரை தர்றோம், மறுபடி பாக்கற வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம்னு டாக்டர் சொன்னாரு. நான் வந்ததும் மொத வேலையா சாவிய எடுத்து மில்லு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அவ அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. எப்பவுமே ஒண்ணும் சொல்லமாட்டா.

மறுபடி போனப்ப, டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, “மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்க, இனி அவங்க ஓட்டலாம்”னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. இடது பக்கம் உக்கார்றது நான்தான? நான் அதை அவகிட்டச் சொல்லல. சொன்னா ஓட்டுவா. என்ன சொன்னாருன்னு கேட்டா. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னாருன்னு சொல்லிட்டேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான். என்ற மேல எந்தத் தப்பும் இருக்கக் கூடாதுன்னு நான் நெம்பக் கவனமா இருந்தேன் அம்மிணி. கடைசி வரைக்கும் அவமேல ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன். எத்தன பேருக்கு அப்படி அமையும்?

இந்த வளைவுல பின்பக்கம் கொஞ்சம் நகர்றாப்புல இருக்கும். பயந்துக்காதீங்க. உள்ள போறப்ப காலைச் சட்டுனு எடுத்தா, பின்னாடி தானா சுத்திக் குடுக்கும்... ஆங்! இதேதான். இதேதான் அவ பண்ணுவா. எங்க கத்துக்கிட்டீங்க நீங்க?

சாவி போன பொறவு அவ ஷெட்டுக்குப் போக ஆரம்பிச்சா. கதவு பூட்டறதில்ல நாங்க, நம்ம ஷெட்டுக்குள்ள யாரு வரப் போறாங்க. மில்லு சாப்பாட்டுக்கு நின்னதும், நான் ஷெட்டை ஒட்டின வீட்டுக் கூடத்துல கட்டில்ல படுப்பேன். அவ போய் இந்தச் சீட்டுல உக்காந்துக்குவா. சாவி இல்லாம ஸ்டியரிங் அசையாது, பூட்டிக்கும். கிளட்சை அமுத்திக் கியரை மட்டும் போடலாம். போடுவா. கட்டில்ல படுத்திருந்தா எனக்குக் கேக்கும். களக். சித்தெ நேரங் கழிச்சு, களக். ஒரு நாள் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன், அப்பத்தான் புரிஞ்சுது. அவ சும்மா போடல. மலை ஏறிக்கிட்டிருக்கறா. புளியமரத்து ரோடு, டேம், செக்போஸ்ட்டுல நியூட்ரல், மொத வளைவுக்கு ரெண்டு. நேரங்கூடச் சரியா இருந்துது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சரி, அவளுக்கும் பொழுது போகுது, வண்டிக்கும் தேய்மானம் இல்லைன்னு விட்டுட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கிப் போவேன். நெம்ப நிம்மதியான தூக்கம்.

அப்படி ஒரு மத்தியானந்தான். மெஷினெல்லாம் மறுபடி ஓட ஆரம்பிச்சு நான் எந்திரிச்சு மில்லுக்குப் போயிட்டேன். அவளத் தேடல. சாயங்காலம் மருதாசலம்தான் ஓடி வந்தான். இந்தச் சீட்டுலதான் இருந்தா. சாஞ்சுக்கூட இல்ல, நேரா உக்காந்திருந்தா. இடது கை கியர்மேல. இருதயம்னு சொன்னாங்க. வலியே இருந்திருக்காதுன்னாங்க.

என்னங்க வேகம் குறையுது? கேட்டா சங்கடமாத்தான் இருக்கும். ஆனா சீட்டை மாத்த முடியாதில்லீங்களா, வண்டியோட வந்தது. ஓட்டுங்க. அடுத்தது ஆறாவது வளைவு, ரெண்டுல போட்டு அந்தப் பாறைய ஒட்டிப் போகணும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பிரதீபா. கனடாவுல இருக்கறா. காரியத்துக்கு வந்தப்ப, “டாக்டர் ஓட்டலாம்னு சொன்னாராமே, எனக்கு அவரே போன்ல சொன்னாரு”ன்னு கேட்டா. ஆமா கண்ணு, சொன்னாருன்னேன். அவ என்ற மூஞ்சியவே பாத்தா. “அம்மாவ நீங்க...”ன்னு ஆரம்பிச்சா. பாதியிலயே எந்திரிச்சு உள்ள போயிட்டா. இப்பெல்லாம் போன் பண்றது குறைஞ்சு போச்சு. அங்க வேலை நெருக்கடியாட்ட இருக்குது.

காரியமெல்லாம் முடிஞ்சு, மில்லு மறுபடி ஓட ஆரம்பிச்ச மொத நாள். சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்தினாங்க. நான் கட்டில்ல படுத்தேன். கேட்டுது.

களக்.

நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல. கைய வெச்சுப் பாத்தேன், கியர் நியூட்ரல்லதான் நின்னுது. திரும்ப வந்து படுத்தா, களக். மூணாவது. புளியமரத்து ரோட்டுல போய்க்கிட்டிருக்கறா. மருதாசலத்தைக் கூட்டியாந்து பக்கத்துல உக்கார வெச்சேன். “கேக்குதாடா?”ன்னேன். தலைய ஆட்டினான். எனக்காக ஆட்டினானா, நெசமாக் கேட்டுதான்னு தெரியல. அவன் கண்ணுல தண்ணி.

எனக்குப் பயமில்லீங்க. பொண்டாட்டிதான? தினமும் அவகூடவே நானும் போனேன் படுத்த எடத்துல இருந்து. டேம் வரும், செக்போஸ்ட் வரும், மலை வரும். ஆனா ஒண்ணு. ஒம்பதாவது வளைவுகிட்ட வந்ததும் சத்தம் நின்னு போகும். அந்த வ்யூ பாயிண்ட் இருக்குதில்ல, வரையாடெல்லாம் நிக்கும், வண்டிய ஓரங்கட்டி எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, அங்கதான். நின்னா நின்னதுதான். ரிவர்ஸ் போடற சத்தம் கேக்காது. திரும்பி இறங்கற சத்தமும் கேக்காது. அங்கயே நிக்கறா. தினமும் போறா, தினமும் அங்கயே நிக்கறா. ஏன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேங்கறா? அதுதான் எனக்குத் தாங்கல. தூக்கம் போச்சு. சாப்பாடு இறங்கல.

நாங்க எப்பவும் அந்த எடத்தோட திரும்பிருவோம். மேல போனதில்ல. மொத்தம் நாப்பது வளைவு, யாரால ஆகும்? எனக்கு எட்டுலயே தலை சுத்த ஆரம்பிச்சிரும். போதும் வனஜா, உனக்குத்தான் களைப்பா இருக்கும், திருப்புன்னு சொல்லுவேன். ஓரங்கட்டுவா. ரோட்டோரத் தடுப்புச் சுவத்துகிட்ட நின்னு மேல போற ரோட்டையே பாப்பா. ஒருக்கா, “ஏனுங்க, ஒரு நாளைக்கு வால்பாறை வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாங்களா?”ன்னா. வீட்டுல டீ இல்லியான்னு கேட்டேன். சிரிச்சா. வந்து உக்காந்து வண்டியத் திருப்பினா. அவ்வளவுதான், அப்பறம் கேக்கல.

அதனால நான் யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன். அவளுக்கு மேல பாதை தெரியாது. அதான் நிக்கறா. ஒருக்கா யாராவது அவ ஓட்டறாப்புல ஓட்டி மேல கொண்டுபோய் விட்டா, பாதை தெரிஞ்சுக்குவா. எங்கயோ ஒரு எடத்துக்குப் போய்ச் சேந்துருவா. வண்டிய விக்கறேன்னு சொன்னேன். ஆளுங்க வந்தாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன், கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டு, என்னா முறுக்கு முறுக்கினான்! வண்டி கத்துது, ஆனா உள்ள யாரும் இல்லாதாட்ட இருந்துது. ரெண்டாவது வளைவுலயே திருப்பச் சொல்லிட்டேன். ஒருத்தர் பாட்டுப் போடலாமான்னு கேட்டாரு. இதெல்லாம் ஆகாதுன்னு விட்டுட்டேன். அப்பத்தான் நீங்க போன் பண்ணுனீங்க. ஜனங்க மறந்துபோன வேகமான சின்ன வண்டிங்களைப் பத்தி எழுதறேன்னீங்க. பொம்பளக் குரலு. சரின்னேன்.

ஏழு. எட்டு. என்ற தலைய விடுங்க, அது சுத்தும், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. கீழ பாக்காதீங்க. டேம் தண்ணி அம்புட்டும் தெரியும் இங்க இருந்து, ஆனா பாக்காதீங்க.

இதான். இதான் ஒம்பதாவது. வேகத்தைக் குறைக்கறீங்களே? இண்டிகேட்டர் எதுக்குப் போட்டீங்க? நான் நிறுத்தச் சொல்லலியே. வேண்டாம், ஓரங்கட்ட வேண்டாம்... இல்ல, நான் பயப்படல. கைப்பிடியப் பிடிச்சது பழக்கத்துல. ரெண்டு. ரெண்டுல போடுங்க. திருப்புங்க. அமுத்துங்க அம்மிணி, அமுத்துங்க!

ஆச்சு. தாண்டிட்டோமா? தாண்டிட்டோம்.

இப்ப மூணு போட்டது நீங்கதானுங்களே? உங்க கை ஸ்டியரிங்ல இருந்தாப்புல தெரிஞ்சுது எனக்கு. நீங்கதானா. சரி. சரி சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

என்னமோ குளுருது. கண்ணாடிய ஏத்தாதீங்க, இருக்கட்டும். இது என்ன மரம், இத்தன பெருசா? நான் சின்ன வயசுல பஸ்ஸுல வந்தது, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அங்க பாருங்க, மேகம் ரோட்டுலயே வந்து உக்காந்திருக்குது. இத்தன பக்கத்துலயா இருந்துது இதெல்லாம்? நம்ம வீட்டுல இருந்து இத்தன பக்கத்துலயா?

அடுத்த வளைவு வருதே... என்னைப் பாக்காதீங்க அம்மிணி. இல்ல, தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க பிரேக் பிடிக்கணும், எந்தக் கியரு, எவ்வளவு வேகம், ஒண்ணும் தெரியாது. நான் இங்க வந்ததே இல்ல.

நீங்க போங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போங்க. நான் ஒண்ணும் சொல்லல.